கண்ணுக்குத் தெரியாத சரிவு

அண்டார்க்டிகாவில் இந்தியாவின் மைத்ரி நிலையத்துக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் பனிவிரிப்பில் இந்தியக் குழுக்கள் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளில் இரண்டை மட்டும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று நம் 22ஆவது அண்டார்க்டிகப் பயணத்தில், 2002-03 கோடையில் எடுத்தது. ஏறக்குறைய 62 மீட்டர் நீளம். மற்றது 25ஆவது பயணத்தில், 2005-06இல் எடுத்தது, 65 மீட்டர். இரண்டு துளைகளுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். பேரணாம்பட்டிலிருந்து குடியாத்தம் வழியாக வேலூர் போய்ச் சேரும் தூரம். ஒரே கடற்கரை, ஒரே வானம், ஒரே புயல்கள்.

ஆண்டுதோறும் விழுந்த பனி அடுக்கடுக்காக அமுங்கிக் கிடப்பதால், தண்டை மேலிருந்து கீழே படித்தால் காலத்தில் பின்னோக்கிப் போகலாம். இரண்டாவது தண்டின் அடிமுனை சுமார் 1905ஆம் ஆண்டுப் பனி. கர்சன் வங்காளத்தைப் பிரித்த ஆண்டு. நூறு வருடக் கதை. முதல் தண்டு இதைவிடச் சற்றுக் குட்டை. ஆனால் அதன் அடிமுனை கி.பி. 1530ஐ ஒட்டி விழுந்த பனி. விஜயநகரத்தில் அச்சுத தேவராயர் பட்டத்துக்கு வந்த புதிது. 470 வருடக் கதை!

வகுத்துப் பார்த்தால் ஒன்றில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாக 65 சென்டிமீட்டர் தண்டு. மற்றதில் 13 சென்டிமீட்டர். ஆழத்தில் பனி இறுகிக் கட்டியாவதால் இந்தக் கணக்கு முரட்டுக் கணக்குதான். ஆனாலும் ஐந்து மடங்கு வித்தியாசத்தை இறுக்கத்தின் மேல் மட்டும் பழி போட்டுத் தள்ளிவிட முடியாது. ஓரிடத்தில் பனி நிறையத் தங்கியிருக்கிறது, இன்னோரிடத்தில் தங்கவில்லை.

'விழுந்திருக்கிறது' என்று எழுதாமல் 'தங்கியிருக்கிறது' என்று எழுதியதில்தான் இந்த அத்தியாயத்தின் விஷயமே இருக்கிறது. துருவப் பனிவிரிப்பின் உட்பகுதியில் விழும் பனி மிகவும் கொஞ்சம். தென்துருவப் புள்ளியில் ஓர் ஆண்டில் சேரும் பனியை உருக்கினால் 8 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர்கூடத் தேறுமா என்பது சந்தேகம். நம் ஊரில் ஒரு நல்ல ஐப்பசி மழைநாள் அதை ஒரே இரவில் கொட்டிவிடும். நனையாத, ஒட்டாத, மாவு போன்ற பனி அது. விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. காற்று தூக்கிக்கொண்டு போகும். எங்கே தூக்கும், எங்கே இறக்கும் என்பதைத் தீர்மானிப்பது நிலத்தின் மேடு பள்ளம்.

மேடு பள்ளம் என்றதும் பேரணாம்பட்டுக்காரர்களுக்குப் பத்தலப்பல்லி மலைப்பாதை நினைவுக்கு வரும்: லாரிகள் முக்கி முனகி ஏறும் கொண்டை ஊசி வளைவுகள். பனிவிரிப்பின் மேடு பள்ளம் அந்த ரகம் இல்லை. பத்து கிலோமீட்டர் நடந்தால் பத்து இருபது மீட்டர் ஏறியிருப்போம்; அடுத்த பத்து கிலோமீட்டரில் கொஞ்சம் இறங்கியிருப்போம். கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளைச் சமவெளி. மட்டக்கருவியோ செயற்கைக்கோளோ சொன்னால்தான் தெரியும். கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் என்ற சரிவு அங்கே செங்குத்து வகையில் சேர்த்தி.

இந்தச் சிறு சரிவு ஏன் காற்றுக்கு மட்டும் இத்தனை பெரிதாகத் தெரிகிறது? அண்டார்க்டிகத்தின் பெரும்பகுதியில் வீசும் காற்றைச் சரிவுதான் பிறப்பிக்கிறது, அதனால். பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கிறது. குளிர்காலத்தில் அதை ஈடுகட்டச் சூரியனும் இல்லை. பரப்பைத் தொட்டு நிற்கும் காற்று, அதற்கு மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்து, கனத்து, தண்ணீர் போலத் தாழ்வை நோக்கி வழிகிறது. பூமியின் சுழற்சி அதைக் கொஞ்சம் இடப்புறமாகத் திருப்பிவிடுகிறது. புயல் இல்லாத நாளிலும், வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருக்கும் இரவிலும் இந்தக் காற்று உண்டு. அதன் வேகம் சரிவைப் பொறுத்தது. சரிவு கூடும் இடத்தில் வேகம் பிடிக்கிறது, பனித்துகளை அரித்து அள்ளுகிறது. பறக்கும் துகளில் ஒரு பங்கு அப்படியே ஆவியாகிப் போய்விடுகிறது. சரிவு தணியும் இடத்தில் காற்றுக்குச் சுமை தாளவில்லை; இறக்கிவிடுகிறது.

ஆக, உயரத்தைவிட, காற்று போகும் திசையில் சரிவு எப்படி மாறுகிறது என்பதே முக்கியம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணக்கு இதற்கு அப்படியே பொருந்தாது. அங்கே மேகம் மலையில் மோதி ஏறிக் குளிர்ந்து, காற்று மோதும் பக்கத்தில் மழையைக் கொட்டுகிறது, மறுபக்கம் மழைமறைவு. அது வானத்திலேயே நடக்கும் பங்கீடு. பனிவிரிப்பின் உட்பகுதியில் பங்கீடு தரைக்கு வந்த பிறகு நடக்கிறது. மலைக் கணக்கு பொருந்தும் இடம் ஒன்று அண்டார்க்டிகக் கடலோரத்தில் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதையெல்லாம் கையால் அளந்து காட்டிய ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று 1965இல் வெளிவந்தது. மேற்கு அண்டார்க்டிகாவில், 80 டிகிரி தெற்கில், அமெரிக்காவின் பேர்ட் நிலையம் இருந்தது. ஆண்டனி கோ, ரோலண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே பரப்பின் ஏற்ற இறக்கத்தையும் சேரும் பனியின் அளவையும் ஒப்பிட்டார்கள். பள்ளங்களில் கூடுதல், மேடுகளில் குறைவு. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கும் அந்த முடிவைவிட அது கிளப்பும் கேள்விதான் பிடித்திருக்கிறது: பள்ளத்தில் பனி கூடுதலாகச் சேர்ந்துகொண்டே இருந்தால் பள்ளம் ஏன் தூர்ந்துபோகவில்லை?

மேட்டைவிடப் பள்ளத்தில் ஆண்டுக்கு இரண்டே சென்டிமீட்டர் கூடுதலாகச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ஆண்டில் 20 மீட்டர். பனிவிரிப்பின் வயதோ சில கோடி ஆண்டுகள். இந்தக் கணக்குப்படி அண்டார்க்டிகா என்றைக்கோ கண்ணாடி போலத் தட்டையாகியிருக்க வேண்டும்.

ஆகாததற்குக் காரணம் அடியில் இருக்கிறது. பனிக்கட்டி கெட்டிதான், ஆனால் தன் எடையாலேயே மெல்ல வழிந்தோடும் கெட்டி. இரண்டு மூன்று கிலோமீட்டர் கனமுள்ள அந்தப் பாகு, அடியில் மறைந்திருக்கும் பாறைக் குன்றுகள்மேல் ஏறி இறங்கிப் போகிறது. குன்றின் சிறு கரடுமுரடெல்லாம் பனியின் கனத்துக்குள்ளேயே அமுங்கிவிடும். பனியின் கனத்தைப்போலச் சில மடங்கு அகலமுள்ள குன்றும் பள்ளத்தாக்கும் மட்டும் மேற்பரப்புவரை தம் சாயலை அனுப்புகின்றன: அடியில் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரம், மேலே சில மீட்டர் அசைவு. பனி ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த அசைவு புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒருபக்கம் காற்று பள்ளத்தைத் தூர்க்கிறது, மறுபக்கம் ஓட்டம் பள்ளத்தைத் தோண்டுகிறது. இரண்டும் ஒத்துப்போகும் ஒரு நிலையில் பரப்பு நிற்கிறது. சூரிய வெளிச்சம் பட்டே அறியாத பாறை, இன்று மாலை விழும் பனி எங்கே தங்க வேண்டும் என்று மேலே சொல்லியனுப்பிக்கொண்டிருக்கிறது.

மேடு பள்ளத்தை இயற்கைதான் உண்டாக்க வேண்டும் என்பதில்லை. மனிதன் ஒரு வீடு கட்டினாலும் போதும். இதை இந்தியா தன் முதல் நிலையத்திலேயே கற்றுக்கொண்டது. ஹர்ஷ் குப்தா தலைமையில் 1983-84இல் சென்ற மூன்றாவது பயணக் குழு, கடலில் மிதக்கும் பனிப்பாளத்தின்மேல் தக்ஷிண கங்கோத்ரியை ஒரே கோடையில் கட்டி எழுப்பியது. 12 பேர் அங்கேயே தங்கி முதல் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 1984இல் ஒரு தபால் நிலையம்கூட வந்தது. ஆனால் தட்டையான வெளியில் நிமிர்ந்து நின்ற அந்தக் கட்டடம், காற்றின் கண்ணோட்டத்தில் ஒரு குன்று. குன்றில் மோதிய காற்று சுற்றிலும் வேகம் இழந்து பனியை இறக்கியது. ஆண்டுக்கு ஆண்டு நிலையம் பனிக்குள் அமிழ்ந்தது. 1990 வாக்கில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அதற்குள் தெற்கே ஷிர்மாக்கர் சோலையில், பாறைத் தரையின்மேல், மைத்ரி தயாராகியிருந்தது. சோலை என்றதும் மரம் செடி தேட வேண்டாம்; பனி மூடாத மொட்டைப் பாறையும் சில ஏரிகளும்தான். தெற்கிலிருந்து சரிந்து வரும் காற்று அங்கே பனியைத் தங்கவிடாமல் பெருக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கறுத்த பாறை வெயிலை உறிஞ்சி மிச்சத்தை உருக்குகிறது. ஒரே காற்றுதான். நூறு கிலோமீட்டருக்குள் ஒரு நிலையத்தைப் புதைத்தது, இன்னொன்றைத் துடைத்து வைத்திருக்கிறது.

மற்ற நாடுகளும் இதே பாடத்தைச் செலவு செய்துதான் படித்தன. பிரிட்டனின் ஹாலி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதைந்தன. இப்போதிருக்கும் ஆறாவது ஹாலிக்குக் கால்களும் அவற்றின் அடியில் பனிச்சறுக்குப் பலகைகளும் உண்டு. ஜெர்மனியின் மூன்றாம் நோய்மாயர் நிலையம் ஹைட்ராலிக் ஜாக்கிகளில் நிற்கிறது. பனி ஏற ஏற அதுவும் ஏறும். தென்துருவத்தில் அமெரிக்கா 2008இல் திறந்த கட்டடம் தூண்கள்மேல் உயர்ந்து, காற்று வரும் பக்கம் விமானச் சிறகின் முனைபோல வளைந்திருக்கிறது. அடியில் நுழையும் காற்று வேகம் பிடித்துப் பனியை வாரிக்கொண்டு போகட்டும் என்று. சரிவு செய்யும் வேலையைக் கட்டடத்தின் வடிவத்தைக்கொண்டு செய்விக்கிறார்கள்.

கட்டடம் புதைவது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். கணக்கு புதைவது தெரியாது. அண்டார்க்டிகாவின் பரப்பு சுமார் 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர். அதன்மேல் ஆண்டுக்கு எவ்வளவு பனி சேர்கிறது என்று தெரிந்தால்தான், ஓரங்களில் கடலில் கொட்டுவதோடு கழித்துப் பார்த்து, கடல்மட்டத்துக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியும். அளந்திருக்கும் இடங்களோ அங்கொன்றும் இங்கொன்றும். நட்டுவைத்த கழிகள், தோண்டிய குழிகள், பனித்தண்டுகள்.

பேரணாம்பட்டிலோ ஆம்பூரிலோ டேனரியில் தோல் பிரிக்கும் அனுபவசாலி ஒருவர், ஒரு தோலின் கனத்தை ஓரிடத்தில் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு விலை சொல்லமாட்டார். முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் மெலிவு, கழுத்து வேறு மாதிரி. எந்த இடத்தில் அளந்தது என்று சொல்லாத மில்லிமீட்டர் அவருக்கு அளவே இல்லை. பனிவிரிப்பு ஆய்வாளர்கள் இந்த இடத்துக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. இத்தாலியரான மாசிமோ ஃப்ரெஸ்ஸோட்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் கிழக்கு அண்டார்க்டிகாவில் கடற்கரையிலிருந்து உட்பகுதியின் டோம் சி என்ற பனிமுகடு வரை பயணம் செய்து, 2005 வாக்கில் சொன்ன முடிவு அந்தத் துறையையே சற்று உலுக்கியது. ஒரே இடத்தில் நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தால் பனிச் சேர்மானம் 20 முதல் 30 சதவீதம்தான் மாறுகிறது. ஆனால் சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் வரும் மாற்றம் அதைப்போலப் பத்து மடங்கு அளவில் இருக்கிறது. காலம் செய்யும் மாற்றத்தைத் தேடிப் போனவர்களிடம் இடம் செய்யும் மாற்றம் முந்திக்கொண்டு வந்து நின்றது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. என் பார்வையில் இந்தத் துறையிலேயே மிக அழகான சிக்கல் இதுதான். மேடு பள்ளம் அடிப்பாறையோடு கட்டுண்டு ஒரே இடத்தில் நிற்கிறது. பனியோ அதன் ஊடாக ஓடிக்கொண்டிருக்கிறது. தென்துருவத்தில் பனி ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் நகர்கிறது. ஆயிரம் ஆண்டில் 10 கிலோமீட்டர். இன்று துருவப் புள்ளியில் துளைத்தால், மேலடுக்கு அங்கேயே விழுந்த பனி. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அடுக்கு 10 கிலோமீட்டர் மேட்டுப்புறத்தில் விழுந்தது. இடையில் ஒரு பள்ளம் இருந்திருந்தால் அதில் விழுந்த அடுக்குகள் தடித்திருக்கும், அதன் சரிவில் விழுந்தவை மெலிந்திருக்கும். தண்டைக் கையில் வைத்திருப்பவருக்கு என்ன தோன்றும்? 'எண்ணூறு ஆண்டுக்கு முன் பனிப்பொழிவு அதிகம், பிறகு வறட்சி' என்று தோன்றும். வானிலை துளியும் மாறாமலேயே வானிலை வரலாறு ஒன்று தண்டில் எழுதப்பட்டிருக்கும்.

மெய்ன் பல்கலைக்கழகத்தின் கார்டன் ஹாமில்டன் 2004இல் தென்துருவத்தைச் சுற்றியுள்ள சேர்மானத்தை நிலவடிவத்தோடு பொருத்திக் காட்டி இதை எச்சரித்தார். (அவர் 2016இல் அண்டார்க்டிகாவிலேயே களப்பணியின்போது பனிவெடிப்பில் விழுந்து இறந்தார். காற்று மூடிவைத்த பள்ளங்கள் எல்லாம் ஆராய்ச்சிக்குரியவை மட்டும் அல்ல.) பிறகு தென்துருவத்தில் 1751 மீட்டர் ஆழத்துக்குத் துளைத்து, 54,000 ஆண்டுப் பதிவுள்ள தண்டு ஒன்றை எடுத்தபோது, ஆய்வாளர்கள் தண்டோடு நிற்கவில்லை. பனி வந்த வழியைத் தேடி மேட்டுப்புறமாக ராடாருடன் போனார்கள். தண்டில் கண்ட தடிப்பும் மெலிவும் பெருமளவுக்கு, வந்த வழியின் மேடு பள்ளங்களிலேயே கிடைத்தன.

ராடார் இந்த வேலைக்கு வாய்த்தது ஒரு பாக்கியம். சறுக்கு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டே போனால் ரேடியோ அலை பனிக்குள் இறங்கி, பழைய பரப்புகள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பும். ஓர் எதிரொலிக் கோடு என்பது ஒரே காலத்தில் வெளியே தெரிந்த பரப்பு. அதன் வயதை ஒரு பனித்தண்டில் கண்டுபிடித்துவிட்டால், நூறு கிலோமீட்டருக்கும் அந்த வயதுதான். பிறகு கோடு எங்கே ஆழ்ந்திருக்கிறது, எங்கே மேலேறி வந்திருக்கிறது என்று பார்த்தால் சேர்மானத்தின் வரைபடம் கையில்.

இந்தியாவுக்கு இதில் சொந்தப் பங்கு உண்டு. கோவாவின் வாஸ்கோ ட காமாவில் இருக்கும் தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையமும் நார்வே துருவ நிறுவனமும் சேர்ந்து, மைத்ரிக்கு வடக்கே நிவ்லிசன் என்ற மிதக்கும் பனிப்பாளத்தையும் அதன் இருபுறமும் உள்ள லெனின்கிராட்கொல்லன், யூப்ரானன் என்ற பனிமேடுகளையும் 2016க்குப் பிறகு ஆராய்ந்தன. பனிமேடு என்பது மிதந்து வரும் பனி கடலடி உயர்ச்சி ஒன்றில் தட்டிக் குவிந்து, சுற்றுப்புறத்தைவிட நூற்றுக்கணக்கான மீட்டர் உயர்ந்து நிற்கும் மொத்தை. மேற்குத் தொடர்ச்சி மலைக் கணக்கு பொருந்தும் இடம் என்று முன்பு சொன்னது இதைத்தான். இந்தக் கடலோரத்தில் பனி கொண்டுவரும் புயல்காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வருகிறது. மேட்டின் கிழக்குப் பக்கம் காற்று ஏறுகிறது, பனி கொட்டுகிறது. மேற்குப் பக்கம் மறைவு. போதாக்குறைக்கு உச்சியில் அரித்த பனியையும் காற்று இடம் மாற்றுகிறது. மையத்தின் பானு பிரதாப், தம்பான் மேலோத் உள்ளிட்ட குழு, ராடார் கோடுகளைக்கொண்டு நிவ்லிசனின் மூன்று பத்தாண்டுச் சேர்மானத்தை வரைந்து 2022இல் வெளியிட்டது. வானிலை மாதிரிகளின் கட்டங்கள் பல கிலோமீட்டர் அகலமுள்ளவை. இத்தகைய மேடு ஒன்றின் இரண்டு முகங்களையும் ஒரே கட்டத்தில் போட்டுச் சராசரியாக்கிவிடும். அந்தச் சராசரி மேட்டின் எந்த முகத்துக்கும் உண்மையாக இருக்காது.

பனி தன் மேடு பள்ளத்தைத் தானே கட்டிக்கொள்ளும் இடமும் உண்டு. கிழக்கு அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரில், கிட்டத்தட்ட நான்கு தமிழ்நாட்டுப் பரப்பில், பெருமணல்மேடுகளைப் போன்ற பனியலைகள் இருக்கின்றன. முகட்டுக்கு முகடு 2 முதல் 5 கிலோமீட்டர். உயரம் சில மீட்டர்தான். பக்கத்தில் நின்றால் தெரியாது. செயற்கைக்கோள் படங்களில்தான் வரிவரியாகத் தென்பட்டன. தார் பாலைவனத்து மணல்மேடு காற்று போகும் திசையில் நகரும். இவை காற்றை எதிர்த்து நகர்கின்றன. காற்று மோதும் முகத்தில் பனி ஒட்டுகிறது. மறுமுகத்தில் இறங்கும் காற்று வேகம் பிடித்து எதையும் தங்கவிடுவதில்லை. முன்பக்கம் வளர்ந்து பின்பக்கம் வளராவிட்டால் முகடு முன்னே போகத்தானே வேண்டும்? பின்முகத்துப் பனி ஆண்டுக்கணக்கில் புதுப்பனி காணாமல், மேலே மெருகேறிய ஓடும் அடியில் பருத்த படிகங்களுமாகக் கிடக்கிறது. அங்கே தண்டு எடுத்தால் ஆண்டுகள் கோத்து வராது, விட்டுவிட்டு வரும்.

இப்படித் தங்காமல் போன பனி எல்லாம் சேர்ந்து எவ்வளவு? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லமாண்ட்-டோஹெர்ட்டி ஆய்வகத்திலிருந்து இந்திராணி தாஸ் தலைமையில் ஒரு குழு 2013இல் இதைக் கணக்கிட்டது. டோம் ஏ என்ற இன்னொரு பனிமுகட்டு வட்டாரத்தின்மேல் விமானத்தில் பறந்து எடுத்த ராடார் படங்களில், பழைய அடுக்குகள் பரப்புவரை வந்து வெட்டுப்பட்டு நிற்கும் இடங்களை அடையாளம் கண்டார்கள். அவை காற்று சுரண்டும் இடங்கள். அடிப்பாறையின் பிடியில் இருப்பதால் இடம் மாறாதவை. அங்கே கிடைத்த விதியைக் கண்டம் முழுவதும் பொருத்தியபோது, அண்டார்க்டிகப் பரப்பில் 2.7 முதல் 6.6 சதவீதம் வரை இப்படி நிகரமாகப் பனியை இழக்கும் இடங்கள் என்று வந்தது. வானிலை மாதிரிகள் இவற்றுக்கும் சேர்த்துப் பனி வரவு வைத்துக்கொண்டிருந்ததால், ஆண்டுக்கு 11 முதல் 36.5 கிகாடன் (ஒரு கிகாடன் நூறு கோடி டன்) வரை இல்லாத பனி கணக்கில் ஏறியிருந்தது. மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி.; கிகாடனில் சுமார் 2.65. அந்தப் பிழை ஆண்டொன்றுக்கு நான்கு மேட்டூர் முதல் பதினான்கு மேட்டூர் வரை. கடல்மட்டத்தில் சொன்னால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். ஆனால் இந்தத் துறையில் சச்சரவே மில்லிமீட்டரின் பின்னங்களைப் பற்றித்தான்.

மைத்ரிக்குத் தெற்கே எடுத்த அந்த இரண்டு தண்டுகளையும் ஆய்வாளர்கள் பனியின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளுக்காகவும் தூசுக்காகவும் படித்து, அந்தக் கடலோரத்தின் வெப்பநிலை எப்படி ஏறி இறங்கியது, எல் நினோவின் தடம் அங்கே தெரிகிறதா என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். 13 சென்டிமீட்டர்க்காரர் நீண்ட காலத்தைத் தருகிறார், ஆனால் ஆண்டுகளை நெருக்கி. 65 சென்டிமீட்டர்க்காரர் குறுகிய காலத்தை, பருவம் பருவமாகப் பிரித்து. எது வேண்டும் என்பதைப் பொறுத்து, துளைக்கும் இடத்தைத் தேடும்போது இப்போதெல்லாம் முதலில் போவது ராடார் வண்டி. துளைக்கருவி அதன் பின்னால் வருகிறது.